நான்காவது அறுப்பு: செப்டம்பரிலா, உறைபனிக்குப் பிறகா, விட்டுவிடுவதா?

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவின் தென் விஸ்கான்சின் பால் பண்ணைகளில் ஒரே பேச்சுதான். குதிரைமசால் என்ற தீவனப் பயிரை மூன்று முறை அறுத்தாயிற்று. நான்காவது தழைவு பச்சைப்பசேலென்று முழங்கால் உயரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் ஈரத் தீவனம்) வேலை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அறுக்கும் இயந்திரம் கொட்டகையில் சும்மா நிற்கிறது. இதையும் அறுத்துவிடலாமா?

பண்ணைக்காரர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. செப்டம்பர் தொடக்கத்துக்குள் அறுத்து முடிக்கலாம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் ஒரு நாள் பார்த்து அறுக்கலாம். கடும் உறைபனி விழும்வரை காத்திருந்து அதன் பிறகு அறுக்கலாம். அறுக்காமலே விட்டுவிடலாம். இந்த நான்கில் இரண்டாவதை நான் முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். அதற்கான காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மற்ற மூன்றில் எதை எடுப்பது என்பது வயலுக்கு வயல் மாறும். ஒரே பண்ணையில் மூன்று வயலுக்கு மூன்று விதமாக முடிவெடுப்பதுகூடச் சரியாக இருக்கலாம்.

நான் கோவைப் பக்கம் குதிரைமசால் போட்ட வீட்டில் வளர்ந்தவன். அங்கே விதைத்து 75-80 நாளில் முதல் அறுப்பு வரும். பிறகு 25-30 நாளுக்கு ஒருமுறை அரிவாளோடு போக வேண்டியதுதான். ஒருமுறை விதைத்தால் மூன்று, நான்கு வருடம் நிற்கும். பெயரில் ஏன் குதிரை என்று சின்ன வயதில் கேட்டதுண்டு. பாரசீகத்தில் இந்தச் செடிக்கு இருந்த பழைய பெயருக்கும் 'குதிரைத் தீவனம்' என்றுதான் பொருள். அந்தச் சொல்லே அரபுக்குப் போய், அங்கிருந்து ஸ்பானியத்துக்குப் போய், அல்ஃபால்ஃபா ஆகியிருக்கிறது. செடி ஒன்றுதான், பாடு வேறு. கோவையில் அது வருடம் முழுக்க இலையோடு நிற்கும். விஸ்கான்சினிலோ நவம்பரிலிருந்து மார்ச் கடைசிவரை ஒரு பச்சை இலைகூட இல்லாமல், உறைந்த மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்து மாதமும் அது எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் அறுப்புக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வேரில் இருக்கும் குதிர்

நம் பழைய வீடுகளில் நெல் கொட்டிவைக்கும் மண்குதிர் இருக்கும். குதிரைமசாலின் ஆணிவேரும், மண்ணை ஒட்டியிருக்கும் தூரும் அந்தச் செடிக்குக் குதிர் மாதிரி. இலைகள் வெயிலில் செய்யும் சர்க்கரையில் அன்றாடச் செலவு போக மிஞ்சுவது கீழே இறங்கி, மாவுச்சத்தாக வேரில் சேரும்.

அறுத்தவுடன் செடிக்கு இலையே இருக்காது, வரவு நின்றுபோகும். தூரில் இருக்கும் மொட்டுகள் துளிர்ப்பதற்கு வேண்டிய அத்தனையும் குதிரிலிருந்துதான் வரவேண்டும். புதுத் தளிர் 15-20 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, அதாவது சுமார் இரண்டு மூன்று வாரம், வேரின் இருப்பு இறங்கிக்கொண்டே போகும். அதன் பிறகுதான் புது இலைகள் தன் செலவுக்கும் மேலே சம்பாதிக்க ஆரம்பிக்கும், இருப்பு திரும்ப ஏறும். செடி நன்றாகப் பூத்து நிற்கும்போது குதிர் ஏறக்குறைய நிறைந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிரேபரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1927-லேயே அளந்து எழுதிவிட்டார்கள். பின்னால் அதே பல்கலைக்கழகத்தில் டேல் ஸ்மித் பல்வேறு அறுப்பு முறைகளை வைத்து இன்னும் விரிவாகப் பார்த்தார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

ஆனால் மாவுச்சத்து மட்டும்தான் இருப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இண்டியானாவில் பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி வொலெனெக் போன்றவர்கள் 1990-களில் காட்டியது வேறு ஒன்றையும் சேர்த்து. அறுத்ததும் வேர் முடிச்சுகளின் வேலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது, காற்றிலிருந்து தழைச்சத்து வருவது ஏறக்குறைய நிற்கிறது. அந்த நாட்களில் தளிருக்குத் தழைச்சத்தைக் கொடுப்பது வேரில் ஏற்கெனவே சேர்த்துவைத்த புரதம். அதற்கென்றே தனிச் சேமிப்புப் புரதங்கள் ஆணிவேரில் இருக்கின்றன. பகல் குறுகக் குறுக அவை கூடுதலாகச் சேர்கின்றன. ஆக, குதிரில் அரிசி மட்டும் இல்லை, பருப்பும் இருக்கிறது. இரண்டும் நிறைவது இலையுதிர் காலத்தில்தான்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெயில் இருக்கும், ஆனால் குளிர் தண்டு வளர்ச்சியைத் தடுத்துவிடும். இலை சம்பாதிப்பது செலவாகாமல் அப்படியே கீழே இறங்கும். வருடத்திலேயே சேமிப்புக்கு உகந்த காலம் இதுதான். அப்புறம் குளிர் கூடும்போது சேர்ந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி சர்க்கரையாக மாறும். சுக்ரோஸ் மட்டுமல்ல, ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் உண்டாகும். உறையும் குளிரில் உயிரணுக்கள் சேதமாகாமல் காப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியானால் அந்தக் குதிருக்கு மூன்று செலவுகள்: உறைபனியைத் தாங்க, ஐந்து மாதம் மூச்சுவிட, ஏப்ரலில் முதல் தளிரைத் தள்ள. மூன்றாவது செலவுக்குக் கையில் இல்லாமல் போவதுதான் அடிக்கடி நடக்கிறது. செடி சாகாது. ஆனால் மே மாதம் முதல் அறுப்பு நோஞ்சானாக வரும். பண்ணைக்காரர் வசந்தகாலக் குளிரைக் குறை சொல்வார், போன செப்டம்பரை நினைக்க மாட்டார்.

நடுவில் அறுத்தால் என்ன ஆகிறது

செப்டம்பர் 15 வாக்கில் அறுத்ததாக வைத்துக்கொள்வோம். மண் இன்னும் சூடாக இருக்கிறது, செடி உடனே துளிர்க்கும். மூன்று வாரம் குதிரிலிருந்து எடுத்து 15-20 சென்டிமீட்டர் தளிரைக் கட்டும். அக்டோபர் பத்துக்கு மேல், திருப்பிச் செலுத்த வேண்டிய நேரத்தில், பகல் குறுகி வெப்பம் போய்விடும். பிறகு ஒரு நாள் உறைபனி விழுந்து அந்தத் தளிரைக் கருக்கிவிடும். கொடுத்தது போயிற்று, திரும்பி ஒன்றும் வரவில்லை. குதிர் காலியாக இருக்கும்போது குளிர்காலம் வாசலில் வந்து நிற்கும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் முன்னெல்லாம் 'செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 15 வரை வயலைத் தொடாதே' என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

நான் தீவன வேலையில் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு வயலை மறக்க முடியவில்லை. செப்டம்பர் மூன்றாவது வாரம் பாதி வயலை அறுத்தார்கள், மழை பிடித்துக்கொண்டது, மீதிப் பாதி அப்படியே நின்றுவிட்டது. அக்டோபர் கடைசியில் அதை அறுத்தார்கள். யாரும் சோதனைக்காகச் செய்ததில்லை. அடுத்த மே மாதம் அந்த வயலின் நடுவே கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அக்டோபரில் அறுத்த பக்கம் ஒரு சாண் உயரம் கூடுதல். அறுப்பைத் தள்ளாமல் உடனே செய்யுங்கள் என்று அவர்களிடம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

சரி, முன்னால் அறுப்பது எவ்வளவு முன்னால்?

தேதியை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வடக்கு விஸ்கான்சினில் உறைபனி சீக்கிரம் வந்துவிடும், தெற்கு அயோவாவில் வாரக்கணக்கில் தள்ளி வரும். வருடத்துக்கு வருடமும் மாறும். கிழக்குக் கனடாவில் ஜில் பெலான்ஜேயும் அவரோடு இருந்தவர்களும் 1990-களில் செய்த வயல் ஆய்வுகள் இதற்கு வெப்பக் கணக்கு ஒன்றைக் கொடுத்தன. ஒரு நாளின் அதிக வெப்பநிலையையும் குறைந்த வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுங்கள், அதிலிருந்து 5 டிகிரி செல்சியஸைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் செடி வளர உதவிய அன்றைய வெப்ப அலகு. கடைசி அறுப்புக்கும் செடியைக் கருக்கும் உறைபனிக்கும் இடையில் இப்படி 500 அலகு சேர்ந்தால் வேர் திரும்ப நிறையும், குளிர்காலம் தாண்டும், அடுத்த வருட விளைச்சலும் குறையாது.

செப்டம்பரில் ஒரு நாள் அதிகம் 22, குறைவு 12 என்றால் சராசரி 17. ஐந்தைக் கழித்தால் 12 அலகு. அக்டோபர் நடுவில் அதிகம் 15, குறைவு 5 என்றால் 5 அலகுதான். தென் விஸ்கான்சினில் ஒரு சாதாரண வருடத்தில் செப்டம்பர் 1-ஆம் தேதி அறுத்தால், அக்டோபர் கடைசிவரை தோராயமாக 500 சேரும். செப்டம்பர் 15-இல் அறுத்தால் 300-ஐத் தொடுவதே கடினம். எல்லாம் முதல் பதினைந்து நாளில்தான் இருக்கிறது. செப்டம்பர் ஆரம்பத்தின் ஒரு வாரம் அக்டோபர் கடைசியின் மூன்று வாரத்துக்குச் சமம். 'இன்னும் நாலு நாள் பார்த்துவிட்டு அறுக்கலாம்' என்பது ஆகஸ்ட் 20-இல் பெரிய விஷயமில்லை. செப்டம்பர் 4-இல் அது பெரிய விஷயம்.

செடியைக் கருக்கும் உறைபனி என்று சொல்வதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிவது போதாது, குதிரைமசால் அதைத் தாங்கிக்கொள்ளும். சில மணி நேரம் சுமார் மைனஸ் 4 டிகிரியில் நின்றால்தான் மேல்செடி கருகும். முதல் வெள்ளைப் பனியைப் பார்த்துவிட்டு 'முடிந்தது, இனி அறுக்கலாம்' என்று இறங்குகிறவர்கள் பல நேரம் இரண்டு மூன்று வாரம் முந்திக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் முதல் நாட்களிலோ அறுப்பதில் உள்ள நன்மைகள் எளிமையானவை. தீவனம் தரமாக இருக்கும், காய வெயில் கிடைக்கும், வேருக்குத் திரும்ப நிறைய நேரம் இருக்கும், உறைபனி வரும்போது வயலில் ஓரளவு உயரமான தழைவும் நிற்கும். பால் பண்ணைக்கு இதுவே பாதுகாப்பான வழி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்தத் தேதிக்குள் நான்காவது அறுப்பை முடிக்க வேண்டுமானால் கோடையில் 28 நாளுக்கு ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும், மொட்டு விடும்போதே வெட்ட வேண்டியிருக்கும். அந்த வேகத்தில் குதிர் எந்த முறையும் முழுதாக நிறைவதில்லை. கோடை முழுவதும் அரைக் குதிரோடு வந்த செடிக்குக் கடைசியில் 500 அலகு கொடுத்தாலும், பூக்கவிட்டு மூன்று முறை மட்டும் அறுத்த செடியின் பலம் வராது. இலையுதிர் கால அறுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடைசித் தேதியையே பார்க்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் இரண்டு அறுப்புக்கு இடையே எத்தனை நாள் விட்டோம் என்பதற்கும் அதே அளவு கனம் உண்டு. கோடையில் ஏதாவது ஒரு தழைவையாவது பூக்கவிட்டு அறுங்கள். நடுத்தர வயதுப் பயிருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

உறைபனிக்குப் பிறகு

இப்போது எதிர்ப்பக்கம் போவோம். அக்டோபர் கடைசி. இலை தன் வேலையை முடித்து, சர்க்கரையைக் கீழே இறக்கிவிட்டது. இனி துளிர்க்கும் அளவுக்குச் சூடு இல்லை. இப்போது அறுத்தால் குதிரிலிருந்து எதுவும் போகாது. உறைபனிக்கு முன் மீதமிருக்கும் வெப்ப அலகு 200-க்குக் கீழே இருந்தால் வேரைப் பாதிக்கும் அளவுக்கு மறுதழைவு வராது என்பது விஸ்கான்சின் வேளாண் விரிவாக்கத் துறையினர் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆக, உண்மையான உறைபனிக்காகக் கடைசிவரை காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இருப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் பின்னால் அறுப்பதும் முன்னால் அறுப்பது போலவே பாதுகாப்பானது.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். அறுத்த வயல் மொட்டையாகக் கிடக்கும். பனிப்பொழிவு மண்ணுக்குப் போர்வை. சுமார் 10 சென்டிமீட்டர் பனி மூடியிருந்தால்கூட மேலே மைனஸ் 25 டிகிரிக் காற்று அடிக்கும்போது தூரைச் சுற்றியுள்ள மண் அவ்வளவு குளிராது. தூர் மைனஸ் 15 டிகிரி வாக்கில் இறங்கும்போதுதான் நல்ல குளிர் தாங்கும் ரகங்களுக்கும் ஆபத்து தொடங்குகிறது. நிற்கும் தண்டுகள் காற்றில் ஓடும் பனியைப் பிடித்துவைக்கும். மொட்டை வயலில் பனி வழித்துக்கொண்டு போய்விடும். ஜனவரியில் ஒரு மழை பெய்து உறைந்து பனிக்கட்டிப் படலம் மூடினால், அதைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருக்கும் கட்டைகள்தான் உள்ளே இருக்கும் செடிக்கு மூச்சு விட வழி. எனவே அக்டோபரில் அறுத்தால் 15 சென்டிமீட்டர் அடிக்கட்டை விட்டு அறுக்க வேண்டும். கோடையில் செய்வதுபோல 7-8 சென்டிமீட்டரில் வெட்டக்கூடாது. அந்த ஏழெட்டு சென்டிமீட்டர் தண்டில் தீவனச் சத்தும் அதிகம் இல்லை, அதை விடுவதால் இழப்பு சொற்பம். இடையிடையே ஒரு பட்டையை அறுக்காமல் விடுவதும் நல்லது, பனி தங்கும்.

இன்னொன்று, காயவைப்பது. அக்டோபர் கடைசியில் சூரியன் தாழ்ந்திருக்கும், காலைப் பனி மதியம்வரை போகாது. உலர்தீவனக் கட்டு போட நினைத்தால் பூஞ்சை பிடித்த கட்டுதான் கிடைக்கும். இந்த அறுப்பைச் சைலேஜாகவோ, ஈரமாகச் சுற்றிக் கட்டிய உருளைகளாகவோ எடுக்க முடிகிறவர்களுக்கே இந்த வழி. கடும் உறைபனி விழுந்த பிறகு ஓரிரு நாளில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இலை உதிர்ந்து தண்டுதான் மிஞ்சும். சத்தெல்லாம் இலையில்தான். மாடுகளை மேயவிடுவதாக இருந்தால் உறைபனி பட்ட குதிரைமசாலில் வயிறு உப்பும் ஆபத்து கூடுதல். பசியோடு இருக்கும் மாட்டை நேரே உள்ளே விடக்கூடாது.

அறுக்காமல் விட்டுவிடுவது

வேரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட நல்லது எதுவும் இல்லை. குதிர் நிறையும், பனி நிற்கும், களிமண் வயலில் மண் உறைந்து உருகி உறைந்து ஆணிவேரையே மேலே தூக்கிவிடும் தொல்லையும் மேலே மூடாக்கு இருப்பதால் குறையும். 'இவ்வளவு பச்சையையும் விட்டால் அழுகி, அடியில் இருப்பதை மூடிக் கொன்றுவிடாதா' என்று கேட்கிறார்கள். தனிக் குதிரைமசாலில் அந்தப் பயம் வேண்டாம். இலை உதிர்ந்து தண்டுதான் நிற்கும். புல் கலந்து விதைத்த வயலில் மட்டும் உயரமான புல் படுத்துப் பாய்போல மூடலாம், அங்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும். வசந்தத்தில் முதல் அறுப்பில் பழைய தண்டுகள் கொஞ்சம் கலக்கும், தரம் சற்றுக் குறையும். பெரிய குறை இல்லை.

மனம் ஒப்பாததுதான் பிரச்சினை. கண்ணெதிரே ஒரு ஏக்கருக்கு ஒரு டன் வரைக்கும் தீவனம் நிற்கிறது, அதை எப்படி விடுவது? எனக்கும் அந்த உணர்வு புரியும், புல்லுக்கு அலைந்த ஊரிலிருந்து வந்தவன்தான். ஆனால் கொட்டகையில் குளிர்காலத்துக்குப் போதுமான தீவனம் இருந்தால், அந்த ஒரு டன்னை எடுப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம். கணக்கிலும் இது தெரியும். இலையுதிர் காலத்தில் அறுத்தால் அந்த வருடத்து மொத்த விளைச்சல் கூடும். பல வயல்களில் அடுத்த வசந்தத்தின் முதல் அறுப்பு குறையும். வருடத்தின் முதல் அறுப்புதான் எடையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. குறைவு அங்கே விழுந்தால் அக்டோபரில் எடுத்தது ஈடாகாது.

பயிரே செத்துவிட்டால் பெரும் நஷ்டம். 2012 கோடையில் வறட்சி, அதன் பிறகு வந்த குளிர்காலத்தில் பனியும் மழையும் மாறி மாறி. 2013 வசந்தத்தில் தென்கிழக்கு மின்னசோட்டாவிலும் மேற்கு விஸ்கான்சினிலும் ஏராளமான குதிரைமசால் வயல்கள் துளிர்க்கவே இல்லை. பக்கத்தில் விலைக்கு வாங்கவும் தீவனம் இல்லை. செத்த இடத்தில் மறுபடி குதிரைமசாலையே தூவிவிடவும் முடியாது. இந்தச் செடி மண்ணில் விட்டுப்போகும் பொருட்கள் அதன் சொந்தக் கன்றுகளையே வளரவிடாமல் செய்யும். நடுவில் ஒரு வருடமாவது வேறு பயிர் போட்டாக வேண்டும். இத்தாலிய ரைபுல் போட்டு அந்த வருடத்தை ஓட்டியவர்கள் உண்டு. பயிர் செத்தால் ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால், அக்டோபரில் கொஞ்சம் தீவனம் விலைக்கு வாங்குவது பெரும்பாலும் மலிவு.

எந்த வயலுக்கு எது

முதலில் பயிரின் வயது. முதல் இரண்டு வருடத்துப் பயிருக்கு ஆணிவேர் நல்ல திடமாக, நோய் படாமல் இருக்கும், தாங்கும். மூன்று வருடத்துக்கு மேல் போனால் தூரில் அழுகல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கும், இருப்பு வைக்கவே இடம் குறைந்திருக்கும். மண்ணில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒவ்வொரு அறுப்பிலும் குதிரைமசால் வயலிலிருந்து பொட்டாஷை அள்ளிக்கொண்டு போகிறது, ஒரு டன் தீவனத்தோடு சுமார் 50-60 பவுண்டு போகும். மண் பரிசோதனை பார்த்து, கடைசி அறுப்பு முடிந்ததும் கொடுத்துவிடுவது நல்லது. தண்ணீர் தேங்கும் வயலை இலையுதிர் காலத்தில் தொடவே வேண்டாம்.

ரகத்தைப் பொறுத்தும் மாறும். இலையுதிர் கால உறக்க எண் என்று 1 முதல் 11 வரை ஓர் அளவு உண்டு. குறைந்த எண்ணுள்ள ரகம் பகல் குறுகியதும் சீக்கிரம் உறங்கப் போகும், தரையோடு தாழ்ந்து நிற்கும். விஸ்கான்சினில் பெரும்பாலும் 3 முதல் 5 வரை. முன்பு 'சீக்கிரம் உறங்குவது குளிர் தாங்கும், தாமதமாக உறங்குவது செத்துவிடும்' என்று ஒரே அளவாக வைத்திருந்தார்கள். இப்போதைய விதைகளுக்குக் குளிர் தாங்கும் திறனுக்குத் தனி எண் கொடுக்கிறார்கள், 1-தான் சிறந்தது. விதைப் பையில் இரண்டு எண்களையும் பாருங்கள். 4 உறக்க எண்ணும் 1 அல்லது 2 குளிர் எண்ணும் உள்ள ரகம் அக்டோபர் அறுப்பைக்கூடத் தாங்க வாய்ப்பு உண்டு.

குளிர் தாங்கும் ரகங்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1857-இல் ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து மின்னசோட்டாவின் கார்வர் மாவட்டத்துக்கு வந்த வென்டலின் கிரிம், கூடவே 15-20 பவுண்டு விதை கொண்டுவந்தார். 'என்றும் நிற்கும் கிளோவர்' என்று அதற்கு அவர் ஊரில் பெயர். முதல் குளிர்காலங்களில் நிறையச் செத்தது. அவர் தளராமல், பிழைத்த செடிகளிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தார், அதில் பிழைத்ததிலிருந்து மறுபடி. வருடக்கணக்கில் அப்படிச் செய்து உருவான கிரிம் ரகம்தான் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளுக்குக் குதிரைமசாலைக் கொண்டுவந்தது. குளிரே தேர்ந்தெடுத்துக் கொடுத்த விதை அது.

இதையெல்லாம் வைத்து ஒரு பண்ணையில் நான் எப்படிப் பிரிப்பேன் என்று சொல்கிறேன். அடுத்த வசந்தத்தில் உழுது மக்காச்சோளம் போடப்போகும் பழைய வயல் இருக்கும் அல்லவா? இலையுதிர் காலத் தீவனம் வேண்டுமானால் அதில் எடுங்கள். எந்தத் தேதியிலும் எடுக்கலாம், செப்டம்பர் நடுவில்கூட. சாகப்போகும் பயிருக்குக் குதிர் நிறைய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: மறுதழைவு 20 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும்போது மண்ணில் மடக்கினால் மக்காச்சோளத்துக்குக் கிடைக்கும் தழைச்சத்து கூடுதல், அதனால் ரொம்பக் கடைசியில் அறுக்காமல் இருந்தால் நல்லது. இரண்டாம் வருடத்து நல்ல வயலில், பொட்டாஷ் சரியாக இருந்தால், செப்டம்பர் முதல் நாட்களுக்குள் அறுத்து முடிக்கலாம். அந்தத் தேதி தவறிவிட்டால் அக்டோபர் கடைசிவரை கதவைச் சாத்திவிட வேண்டும். இந்த வருடம் விதைத்த புது வயலையும், கோடையில் நான்கு முறை அறுபட்டுக் களைத்த வயலையும் அப்படியே விட்டுவிடுவேன்.

பருவநிலை மாறுகிறதே, உறைபனி தள்ளிப் போகிறதே, இனி தாராளமாகப் பின்னால் அறுக்கலாமே என்றும் கேட்கிறார்கள். பெலான்ஜே குழு 2002-இல் கிழக்குக் கனடாவுக்குப் போட்ட கணிப்பு இதற்கு நேர்மாறாக எச்சரிக்கிறது. இலையுதிர் காலம் சூடாக இருந்தால் செடி குளிருக்குச் சரியாகப் பழகாது, குளிர்காலத்தில் பனிப் போர்வையும் மெலிந்துபோகும், நடுவில் உருகி உறைவதும் கூடும். அறுக்க நாள் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது. எனக்கு இது கவலை தரும் விஷயம். அதனால்தான் தேதிப் பட்டியலைவிட வெப்பக் கணக்கையும் வேரையும் பார்க்கச் சொல்கிறேன்.

எந்த முடிவெடுத்தாலும் இந்த முறை அறுக்கும்போது வயலின் நடுவே இயந்திரத்தின் ஒரு வீச்சு அகலத்துக்கு ஒரு பட்டையை அறுக்காமல் விடுங்கள். ஏப்ரலில் மண் இளகியதும் பட்டையிலும் பக்கத்திலும் மண்வெட்டியால் பத்துப் பத்துச் செடியைத் தோண்டி, ஆணிவேரை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே வெண்ணெய் நிறத்தில் கெட்டியாக இருந்தால் நலம். பழுப்பாக, நார்நாராக, விரலால் அமுக்கினால் நீர் கசிந்தால் அது முடிந்துவிட்டது. தளிர்கள் 15 சென்டிமீட்டர் வந்ததும் ஒரு சதுர அடிக்கு எத்தனை தண்டு என்று எண்ணுங்கள். 55-க்கு மேல் இருந்தால் முழு விளைச்சல் தரும். 40-க்குக் கீழே போயிருந்தால் வேறு பயிருக்கு மாறும் நேரம். இரண்டு பக்கத்து எண்ணையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள், அடுத்த ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தேடி எடுக்க வசதியாக.